எஃப்-ஒன்றை அழுத்தியது யார்?

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படிக்கலாம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் இதில் வரும் நேரம், நிமிடம் எல்லாம் அன்றைக்கே வேலைச் சீட்டின் பின்பக்கத்தில் நான் எழுதி வைத்தவை. பழுது பார்க்கிறவனுக்கு அது பழக்கம். எதைக் கழற்றினேன், எதை மாட்டினேன், எத்தனை முறை சத்தம் வந்தது என்று குறித்து வைக்காவிட்டால் அடுத்த நாள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இன்னொன்று, இது தொடங்கியது பட்டப்பகலில்.

என் பெயர் கஸ்மன். சொந்த ஊர் கிழக்கு ஜாவாவில் பன்யுவாங்கி. கடல் தாண்டி பாலித் தீவில், சிங்கராஜா ஊரில் பதினான்கு வருடமாகக் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். முன்னால் கடை, பின்னால் ஒரு அறை. மனைவி பிரிந்து போய் ஆறு வருடம் ஆகிறது. மகள் அவளோடு பன்யுவாங்கியில் இருக்கிறாள். அந்த வருடம் நியெபி என்கிற பண்டிகை விடுமுறைக்குக் கட்டாயம் வருகிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். போகவில்லை. காரணம் ஒரு பழைய கணினி.

அதைக் கொண்டுவந்தவர் வயான் ரென்தி அம்மா. அறுபது வயது இருக்கும். கணவர் தங்காஸ் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து பெட்டியைக் கைலித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தங்காஸ் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"போன வருஷம் இடி விழுந்து கருகிப்போன பெட்டி. எடைக்குப் போடுன்னா கேக்க மாட்டேங்குறா," என்றார் வண்டியில் இருந்தபடியே.

"உங்கள எடைக்குப் போட்டா எவ்வளவு தேறும்னு கேட்டுச் சொல்றேன், சும்மா இருங்க," என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த அம்மா என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "இதுல என் புள்ள இருக்கான் தம்பி."

மகன் பேர் கடெக் சுதர்மா. உல்லாசக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் காலையில் கப்பலில் அவன் இல்லை. எங்கே விழுந்தான், எப்போது விழுந்தான், ஒன்றும் தெரியாது. உடம்பும் கிடைக்கவில்லை.

"படமெல்லாம் இருந்தா எடுத்துத் தந்துடலாம்மா," என்றேன்.

"படம் வீட்டுல இருக்கு. குரல்தான் இல்ல. கப்பல்ல இருந்து பேசினதையெல்லாம் லீவுக்கு வந்தப்போ இதுலதான் போட்டு வெச்சான். இன்னும் பதினஞ்சு நாள்ல அவனுக்கு எரியூட்டுச் சடங்கு பண்ணணும்னு சொந்தக்காரங்க நாள் குறிச்சிட்டாங்க. உடம்பு இல்லாதவனுக்குக் கட்டையில உருவம் செஞ்சு எரிப்பாங்களாம். ஒரே ஒரு தடவ அவன் குரலக் கேட்டுட்டா சரிங்கறேன்னு சொல்லியிருக்கேன். கேக்காம ஒத்துக்க மாட்டேன்."

நியெபிக்கு மறுநாள் காலையில் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வாக்குக் கொடுப்பதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான்கு நாள் போதும் என்று நினைத்தேன்.

மின்னலில் பவர் சப்ளை போயிருந்தது. பழைய சரக்கில் இருந்து ஒன்றை எடுத்து மாட்டினேன். ரேம் இரண்டும் போயிருந்தன, அதையும் மாற்றினேன். காசு அளவு பேட்டரியையும் புதிதாகப் போட்டேன். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் முதலில் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். கணினியில் சேமிக்கிற எல்லாம் அதில்தான் இருக்கும்; அந்த அம்மாவின் உயிரும் அதில்தான் இருந்தது. பெட்டி சரியாக எழுந்த பிறகு கடைசியாக மாட்டலாம் என்று இருந்தேன்.

பெட்டி எழவில்லை. விசிறி சுற்றும். மானிட்டர் கறுப்பாகவே இருக்கும். உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கர் மட்டும் நீளமாக "பீ...ப்" என்று மூன்று முறை கத்தும். அப்புறம் அதுவும் நின்றுவிடும்.

அதோடு மல்லுக்கட்டியதில் கடைசிப் படகும் போய்விட்டது. நியெபிக்குத் துறைமுகத்தையும் மூடிவிடுவார்கள். "அப்பா வரல இல்ல?" என்றாள் மகள் போனில். கேள்வியாகக் கேட்கவில்லை, தெரிந்துதான் சொன்னாள். நான் ஏதோ சமாளிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

நியெபி பாலிக்காரர்களின் வருடப் பிறப்பு. காலை ஆறு மணியில் இருந்து மறுநாள் காலை ஆறு வரை தீவு முழுவதும் வாயை மூடிக்கொள்ளும். விளக்கு கிடையாது, வேலை கிடையாது, யாரும் வாசல் தாண்டக் கூடாது. விமானம்கூட இறங்காது. கைபேசி இணையத்தையும் நிறுத்திவிடுவார்கள். முந்தைய நாள் மாலை மேளம் கொட்டிப் பூதங்களைக் கிளப்பிவிட்டு, மறுநாள் எல்லோரும் மூச்சுக் காட்டாமல் கிடப்பார்கள். இங்கே ஆளே இல்லை என்று நம்பி அவை போய்விடுமாம். நான் முஸ்லிம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் ஊர்க் கட்டுப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதான். பதின்மூன்று நியெபியிலும் ஒழுங்காக வாயை மூடிக்கொண்டு படுத்துக் கிடந்தவன்தான் நான்.

அன்றைக்குத்தான் படுக்கப் பிடிக்கவில்லை.

தெருவில் ஒரு நாய்கூட இல்லை. எதிர் வீட்டில் குழந்தை தும்மினால் கேட்கும் போல இருந்தது. ஊரே தூங்குகிற மாதிரி கிடக்கும்போது தனியாக இருக்கிறவனுக்கு என்னவெல்லாமோ நினைவு வரும். அதற்குப் பயந்துதான் பெட்டியைத் திறந்தேன். ஷட்டரை உள்ளே பூட்டியிருந்தேன். மேலே ஒரு விரல் அகலச் சந்தில் இருந்து வரும் வெளிச்சமே போதுமானதாக இருந்தது.

பீப் சத்தம்தான் பிரச்சினை. எத்தனை பீப் என்று எண்ணித்தான் எந்த உறுப்பில் கோளாறு என்று கண்டுபிடிக்க முடியும், ஸ்பீக்கரைப் பிடுங்கினால் தெரியாது. பிடுங்காவிட்டால் ஊருக்கே கேட்கும். துண்டை எடுத்துப் பெட்டியைச் சுற்றி மூடினேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

11.20. கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றையும் பிடுங்கினேன். கீபோர்டை வயரைச் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ஒரே ஒரு ரேம் மட்டும். மூன்று நீள பீப்.

12.05. ரேமின் முனையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். மூன்று நீள பீப்.

12.50. இன்னொரு ரேம், இன்னொரு இடம். அதே மூன்று.

1.12. காசு பேட்டரியைக் கழற்றி, பத்து நிமிடம் கழித்துத் திரும்பப் போட்டு, சுவிட்சை அழுத்தினேன்.

பீ...ப். பீ...ப். பீ...ப்.

ஷட்டரில் யாரோ தட்டினார்கள்.

டக். டக். டக்.

மூன்று முறை. பலமாக இல்லை. தெரிந்தவர்கள் தட்டுகிற மாதிரி.

நாங்கள் ஜாவாக்காரர்கள். யார் வாசலில் வந்து நின்றாலும் "வாங்க" என்று வாய் முந்திக்கொண்டு சொல்லிவிடும். கடன்காரன் வந்தாலும் அதேதான். குழந்தையில் இருந்தே அப்படிப் பழக்கி வைத்திருக்கிறார்கள். பாலிக்காரன் யாரும் அந்த நாளில் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

"உள்ள வாங்க," என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இன்றைக்கு யார் வருவார்கள்? ஊர்க்காவலர்களாக இருந்தால் தட்டிவிட்டுச் சும்மா நிற்க மாட்டார்கள், ஏசுவார்கள். ஸ்டூலில் ஏறிச் சந்து வழியாகப் பார்த்தேன். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. வெயில் மட்டும்தான் இருந்தது. இறங்கித் தண்ணீர் குடித்தேன். மாம்பழம் ஏதாவது விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். எங்கள் தெருவில் மாமரம் கிடையாது.

1.31. திரும்பச் சுவிட்சை அழுத்தினேன்.

பிப்.

ஒரே ஒரு குட்டிச் சத்தம். எல்லாம் சரி என்று அர்த்தம். நான்கு நாளாக அதற்குத்தான் தவம் கிடந்தேன். நான் எதையும் புதிதாக மாற்றவில்லை, ஆனால் பழைய பெட்டிகள் சில நேரம் இப்படித்தான் கிறுக்குத்தனம் பண்ணும். மானிட்டரில் எழுத்து வந்தது.

கீபோர்டு இல்லை. தொடர எஃப்-ஒன்றை அழுத்தவும்.

எந்தக் கூறுகெட்டவன் இதை எழுதினானோ, இருபத்தைந்து வருடமாக இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். கீபோர்டே இல்லை என்கிறாய், எதைப்போய் அழுத்த? சிரித்துக்கொண்டே கீபோர்டை எடுக்க எழுந்தேன்.

அலமாரியின் மேலே சத்தம்.

டக்.

ஒரு பொத்தானை அழுத்தி விடுகிற சத்தம். அந்தச் சத்தத்தை நான் தூக்கத்திலும் கண்டுபிடிப்பேன்.

திரும்பினேன். கீபோர்டு வைத்த இடத்தில் இருந்தது. வயர் சுற்றியபடியே இருந்தது. அதற்கும் பெட்டிக்கும் நடுவில் எட்டடி இடைவெளி.

மானிட்டரைப் பார்த்தேன். எழுத்து போய்விட்டிருந்தது. திரை நீலமாகி, நடுவில் ஒரு பெயர் வந்தது.

கடெக்.

அதன் கீழே கடவுச்சொல் போடும் கட்டம். நேரம் 1.34.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். அந்த அம்மாவுக்கு நாளைக்கு மகன் குரலைக் கொடுத்துவிடலாம் என்ற சந்தோஷம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்புறம்தான் என் முழங்கால் மேசை இழுப்பறையில் இடித்தது.

இழுப்பறை.

பூட்டைத் திறந்தேன். கைக்குட்டை இருந்தது. பிரித்தேன். உள்ளே ஹார்ட் டிஸ்க்... அப்படியே இருந்தது.

பெட்டிக்குள் டிஸ்க் இல்லை. அந்தப் பெயர் எங்கே இருந்து வருகிறது?

டக்... அலமாரியில்.

கட்டத்தில் ஒரு புள்ளி விழுந்தது.

டக்... இரண்டாவது புள்ளி.

அவசரம் இல்லாமல், யோசித்து யோசித்து...

டக்... டக்... டக்...

ஆறு புள்ளிகள். திரை திறந்தது.

ஒரு படம் வந்தது. ஒரு வீட்டு முற்றம். அதில் வயான் ரென்தி அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். பத்து வயது இளையவராக இருந்தார்.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. மவுஸ் அம்பு அசையவில்லை, எதுவும் திறக்கவில்லை. அந்தப் படம் அப்படியே இருந்தது. என் மேசைக்கு எதிரே, வாடிக்கையாளர்கள் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தேன். மானிட்டர் எப்போதும் என்னைப் பார்த்துத்தான் இருக்கும். இப்போது அது அந்த நாற்காலியைப் பார்த்துக் கொஞ்சம் திரும்பியிருந்தது. நான் திருப்பவில்லை.

எழுந்து பின் அறைக்கு ஓடியிருக்கலாம். மின் வயரைப் பிடுங்கியிருக்கலாம். கை வயர் வரைக்கும் போனது. ஆனால் யாரோ ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிற ஒன்றைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது. பயத்துக்குள்ளேயே கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று சீட்டில் எழுதவில்லை.

5.48. ஷட்டரில் தட்டுகிற சத்தம். இந்தமுறை நான் வாயைத் திறக்கவில்லை.

"கஸ்மன்! நான்தான், சுக்ரா."

ஊர்க்காவலர் சுக்ரா. என்னிடம் பிரிண்டர் மை வாங்குகிறவர். கறுப்பு வெள்ளைக் கட்டம்போட்ட வேட்டியில் ரோந்து வந்திருந்தார். உயரமான ஆள், சந்தில் அவர் கண் தெரிந்தது.

"மத்தியானம் உன் கடையில இருந்து பீப் பீப்னு சத்தம் வந்துச்சாமே? பதினாலு வருஷம் ஒழுங்கா இருந்துட்டு இன்னைக்கு என்ன கிறுக்கு?"

"தப்புதான் அண்ணே. நிறுத்திட்டேன்."

"அந்த வெளிச்சத்தை மூடு. இருட்டப் போகுது, தெருவுக்கே தெரியும்."

"மூடறேன் அண்ணே."

அவர் போகவில்லை. கண் உள்ளேயே இருந்தது. குரல் இன்னும் இறங்கியது.

"வந்தவன வெளிய அனுப்பிடாத. நாளைக்குக் காலையில ஆறு மணி வரைக்கும் உன் கூடத்தான் இருக்கணும். தெருவுல பாத்தா அப்புறம் என்மேல வருத்தப்படாதே."

"யாரு அண்ணே?"

"யாரா? நாற்காலியில உக்காந்திருக்கானே, அவன்தான். சட்டை சொட்டச் சொட்ட நனஞ்சிருக்கு, துடைக்க ஒரு துணி குடுக்க மாட்டியா? நல்ல ஆளுப்பா நீ."

அவர் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்துபோனது.

ஒரு மாதமாக மழை இல்லை.

நாற்காலியைப் பார்த்தேன். காலி.

பெட்டியைச் சுற்றியிருந்த துண்டை எடுத்தேன். நாற்காலியின் கைப்பிடியில் போட்டேன். மானிட்டரைப் போர்வையால் மூடினேன். பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்று ஊரில் ஒரு விளக்கு இல்லை.

முன்னறையில் நாற்காலி ஒரு தடவை...

கிறீச்.

அவ்வளவுதான். விடியும் வரை வேறு சத்தமே இல்லை.

காலை ஆறு மணிக்குத் தெருவில் முதல் ஸ்கூட்டர் போனது. அந்தச் சத்தத்துக்கு நான் அழுதேவிட்டேன். முன்னறைக்கு வந்தேன். பெட்டி அணைந்திருந்தது. ஷட்டர் பூட்டு போட்டபடியே இருந்தது. நாற்காலியின் மேல் என் துண்டு நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. எடுத்தால் கனத்தது. நனைந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன், கடல் வாசனை.

6.30க்கு ஹார்ட் டிஸ்க்கைப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். அது சுற்றவே இல்லை. அடிப்பக்கம் திருப்பினால் ஒரு சில்லு கருகி வெடித்திருந்தது. மின்னல் விழுந்த அன்றைக்கே அது செத்துப்போயிருக்கிறது. பின்னால் டென்பசார் நகரில் இதற்கென்றே இருக்கிற ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை என்று சொல்லிவிட்டார்.

மகன் குரல் போய்விட்டது என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அதை யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 7.10க்கு அவரே வந்துவிட்டார். ஸ்கூட்டர் இல்லை, கணவர் இல்லை. தன்னந்தனியாக நடந்து வந்திருந்தார். முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டேன். வாயின் இரண்டு பக்கமும் விரல் பதிந்த தடம் நீலமாகக் கன்றிப் போயிருந்தது.

"அம்மா, மன்னிச்சுக்கோங்க. டிஸ்க் கருகிடுச்சு. குரல் எதுவும்..."

"பரவாயில்ல தம்பி," என்றார். "குரலக் கேட்டுட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"நேத்து மத்தியானம் பன்னிரண்டே கால் இருக்கும். நாங்க ரெண்டு பேரும் உள்ள உக்காந்திருந்தோம். கதவைத் தட்டினான். மூணு தடவ. 'அம்மா, கதவத் திற'ன்னான். கடெக் குரல். நான் பெத்த குரல் எனக்குத் தெரியாதா? எந்திரிச்சேன். அவங்க அப்பா பாஞ்சு வந்து என் வாயப் பொத்திட்டாரு. 'பதில் சொல்லாத, நியெபி அன்னைக்கு வர்றது நம்ம புள்ள இல்ல, நம்ம புள்ள குரல்ல வேற எதோ வந்திருக்கு'ன்னு காதுல சொல்லிக்கிட்டே அழுறாரு. அழுதுகிட்டே பொத்துறாரு. அவன் ரொம்ப நேரம் கூப்பிட்டான் தம்பி. 'அம்மா, குளுருது'ன்னான். அப்புறம் போய்ட்டான்."

மனதில் கணக்குப் போட்டேன். அவர் வீட்டில் இருந்து என் கடைக்கு நடந்தால் நாற்பது நிமிடம் ஆகும்.

"ஊரே அடங்கிக் கிடந்துச்சு. உங்க கடையில மட்டும் சத்தம் வந்துச்சுன்னு வர்ற வழியில சுக்ரா சொன்னாரு," என்றார். நாற்காலியில் இருந்த ஈரத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க வந்தானா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"உள்ள வான்னு சொன்னீங்களா?"

"சொன்னேம்மா."

அவர் முகத்தில் வந்தது அழுகையா நிம்மதியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. துண்டை எடுத்துக் கன்றிப்போன வாயில் வைத்துக்கொண்டார். அப்புறம் கேட்டார்.

"போன்னு சொன்னீங்களா தம்பி?"

சொல்லவில்லை. அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

"சொல்லாதீங்க," என்றார். "வாக்குக் குடுத்துட்டேன், அங்க அவங்க கட்டைய எரிச்சுக்கட்டும். பெட்டி இங்கயே இருக்கட்டும். வீட்டுல அவன் அப்பா இருக்காரு, உள்ள விட மாட்டாரு."

குறித்த நாளில் சடங்கு நடந்தது. கட்டையை எரித்துச் சாம்பலைக் கடலில் விட்டார்கள். அந்த அம்மா மாதம் ஒரு தடவை வந்து அரை மணி நேரம் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். நான் அந்த நேரம் வெளியே போய் நிற்பேன். நாற்காலியில் வேறு யாரையும் உட்கார விடுவதில்லை.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. போ என்று நான் இன்னும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், சாயங்காலம் ஷட்டரை இழுத்துவிட்டு உட்காரும்போது முன்போல அவ்வளவு தனியாக இல்லை. ஆனால் தங்காஸ் தன் மனைவி காதில் சொன்னது நினைவு வரும். உள்ளே நான் கூப்பிட்டது கடெக்கைத்தானா?

எதிரே பார்த்துக் கேட்டுவிடலாம். கேட்டதில்லை. பதில் வந்துவிடுமோ என்றுதான்.